ஒரே ஒரு ட்ரிப்

ஓடுகிற சரக்கு ரயிலை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. கேட் மூடிக்கிடக்கிறதே என்ற எரிச்சலில் கடைசிப் பெட்டி எப்போது வரும் என்றுதான் கழுத்தை நீட்டுவோம். உற்றுப் பார்த்தால், ஒவ்வொரு பெட்டியின் விலாவிலும் கீழ் மூலையில் சின்னதாகக் கட்டம் போட்டு நாலு வரி எழுதியிருப்பது தெரியும். பெட்டியின் நம்பர், கடைசியாகப் பிரித்துப் பழுது பார்த்த தேதி, அடுத்துப் பார்க்க வேண்டிய தேதி. கடைசி வரியில் ‘பராமரிப்புப் பொறுப்பு’ என்று போட்டு ஒரு கம்பெனியின் பெயரும் ஒரு டெலிபோன் நம்பரும். அந்தக் கடைசி வரி இல்லாத பெட்டியை ரயில்வேக்காரர்கள் தொடவே மாட்டார்கள். வண்டி யாருடையது, உள்ளே இருக்கும் சரக்கு யாருடையது என்பதெல்லாம் அவர்களுக்கு அப்புறம்தான். ஏதாவது ஆகிவிட்டால் யார் சட்டையைப் பிடிப்பது என்று முதலில் தெரிய வேண்டும்.

அந்தச் சட்டைதான் பெட்டிக்கா. அந்த டெலிபோன் இருந்தது அவள் மேஜையில்.

பெட்டிக்கா, அதாவது பெட்டி அக்கா, என்பது ஆபீஸ் அவளுக்கு வைத்த பெயர். பெட்டிகளை வாங்கி ஆலைகளுக்கு வருஷக் கணக்கில் வாடகைக்கு விடும் கம்பெனி அது. இன்ஜினும் தண்டவாளமும் ரயில்வேயுடையவை. சரக்கு ஆலையுடையது. பெட்டி மட்டும் கம்பெனியுடையது. இத்தனை பேர் சேர்ந்த இடத்தில் பிரேக் பிடிக்கவில்லை என்றால், ஆளுக்கு ஆள் அடுத்தவரைக் கை காட்டிவிட்டுக் கம்பி நீட்டிவிடலாம். அதற்கு வழியில்லாமல் செய்யத்தான் சட்டம் ஒரே ஒரு ஆளைப் பிடித்து உட்கார வைத்தது. எந்தப் பெட்டி எங்கே ஓடினாலும், அதன் சக்கரத்துக்கும் அச்சுக்கும் பிரேக் கட்டைக்கும் பதில் சொல்ல வேண்டியவள் அவள். ரயில்வேயில் பதிவான பெயரும் அவளுடையதுதான். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த கையோடு அந்த ஆபீஸுக்குள் நுழைந்தவள், தலை நரைக்கிற வரைக்கும் அந்த நாற்காலியை விடவில்லை. நாற்காலியும் அவளை விடவில்லை என்று சொல்ல வேண்டும்.

அவள் கணவருக்குத் தையல் கடை. வாய் கொஞ்சம் நீளம். “நான் தைச்ச சட்டை கிழிஞ்சா என்கிட்ட வருவாங்க, அது நியாயம். நீ செய்யாத வண்டி, நீ ஓட்டாத வண்டி, அது எங்கயோ போய் உடைஞ்சாலும் உன்கிட்ட வர்றாங்களே, இது என்னடி பொழைப்பு?” என்பார்.

“அதுக்குத்தான் சம்பளம்” என்பாள் அவள்.

“சம்பளத்தைப் பாத்தா பொத்தான் தைக்கிற கூலி மாதிரியில்ல இருக்கு.”

அவளுக்குச் சிரிப்பு வரும். ஆனால் அவர் சொன்னதில் ஒரு விஷயம் உண்மை. தன் பொறுப்பில் ஓடும் பெட்டிகளில் பாதியை அவள் கண்ணால் பார்த்ததேயில்லை. ஆபீஸ் ஒரு பெயிண்ட் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. இரும்பு மாடிப்படி. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை ‘டக்’ என்று சத்தம் போடும். மேஜைக் கண்ணாடிக்குக் கீழே மகளின் ஸ்கூல் போட்டோ. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டிடத்துச் சுவர்தான் தெரியும், ரயில் தெரியாது. அங்கே உட்கார்ந்துகொண்டு, எங்கோ வெட்டவெளியில் ஓடும் ஒரு பெட்டியின் வலது பக்கத்துப் பின் சக்கரம் எவ்வளவு தேய்ந்திருக்கும் என்று கவலைப்பட்டுக்கொண்டிருப்பாள். புகுந்த வீட்டில் மகள் எப்படியிருக்கிறாளோ என்று அம்மாக்கள் கவலைப்படுவதும் இப்படித்தான். போனில் கேட்டால் எல்லாம் நல்லா இருக்கு என்றுதான் பதில் வரும்.

வாடகைக்கு எடுப்பவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. பழுது பார்க்கும் தேதி நெருங்கினால் பெட்டியை ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்ப வேண்டும் என்பது ஒப்பந்தம். அனுப்பினால் சில வாரம் சரக்கு ஏற்ற முடியாது. அதனால் பெட்டி இங்கே இல்லை என்பார்கள், வழியில் இருக்கிறது என்பார்கள், காதில் பூ சுற்றுவார்கள். தானிய ஆலை ஒன்று தன் வெள்ளி விழாவுக்காக எல்லாப் பெட்டிக்கும் பளபளவென்று பச்சை பெயிண்ட் அடித்துவிட்டு, பார்த்துப் பாராட்டுவாள் என்று அவளுக்கு போட்டோ வேறு அனுப்பியது. விலாவில் இருந்த கட்டம், தேதி, பொறுப்பு எல்லாம் பச்சைக்கு அடியில் போய்விட்டது. ஒரு ரயில் முழுக்கப் பெயரில்லாத பெட்டிகள் சைடிங்கில் நின்றன. சைடிங் என்றால் ஆலைக்குள் போகும் கிளைத் தண்டவாளம். அவள் ஸ்டென்சில் தகடும் வெள்ளை பெயிண்டும் எடுத்துக்கொண்டு போய், வெயிலில் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாக எழுதிவிட்டு வந்தாள். வீட்டுக்கு வரும்போது புடவை முந்தானையில் வெள்ளைப் புள்ளிகள். கணவர் பார்த்துவிட்டு, “இது புது டிசைனா?” என்று கேட்டார்.

இவர்கள் எல்லாரையும் தூக்கிச் சாப்பிடுகிறவர் ஒருவர் இருந்தார். சுண்ணாம்பு ஆலையின் லோடிங் பொறுப்பாளர். ஆபீஸில் அவருக்குச் சுண்ணாம்புக்காரர் என்று பெயர். பெட்டிக்காவை விட இரண்டு மூன்று வயது சின்னவர். காலையில் டீ வரும் நேரத்துக்குச் சரியாக அவர் போன் வந்துவிடும். டீக்கடைக்காரர் கிளாஸை மேஜையில் வைப்பதற்கும் மணி அடிப்பதற்கும் அத்தனை பொருத்தம்.

“மேடம்” என்று ஆரம்பித்தால் ஆலை விஷயம். “அக்கா” என்று ஆரம்பித்தால் ஏதோ கேட்கப் போகிறார் என்று அர்த்தம்.

“அக்கா, அந்த ரெண்டு பெட்டியும் இந்த வாரம் ஒர்க்‌ஷாப்புக்குப் போகணும்னு எழுதியிருக்கீங்க.”

“ஆமா தம்பி. தேதி வந்துடுச்சு.”

“சூளை நிறையச் சரக்கு இருக்கு அக்கா. ஒரே ஒரு ட்ரிப். போய்ட்டு வந்ததும் நானே கையைப் பிடிச்சு கூட்டிட்டு வந்து விட்டுடறேன்.”

“போன தடவையும் இதையேதான் சொன்னீங்க.”

“அது வேற பெட்டி அக்கா.”

தேதிக்கு உள்ளே இருந்தால் சில சமயம் விட்டுக்கொடுப்பாள். தேதி தாண்டிவிட்டால் அவர் தலைகீழாக நின்றாலும் நடக்காது. அது அவருக்கும் தெரியும். ஆனாலும் கேட்காமல் இருக்க மாட்டார். சண்டை முடிந்ததும் மகளுக்குப் பரீட்சை எப்படி என்று விசாரிப்பார். தன் மனைவிக்கு மூட்டுவலி என்பார். இருமுவார். சுண்ணாம்புத் தூசி ஏறிய இருமல் அது, போனிலேயே வெள்ளையாகத் தெரியும் என்று அவள் சொல்வாள். வருஷக் கணக்கில் இப்படியே போயிற்று. அவரை அவள் நேரில் பார்த்தது இரண்டோ மூன்றோ தடவை. ஆனாலும் சொந்தத் தம்பியிடம் கூட அவள் தினம் இவ்வளவு நேரம் பேசியதில்லை.

ஒரு மழைக்காலத்தில் அச்சு செய்யும் ஆலையிலிருந்து தகவல் வந்தது. குறிப்பிட்ட ஒரு தொகுதியில் செய்த அச்சுகளில் உள்ளே விரிசல் விழ வாய்ப்பிருக்கிறது, அவை உள்ள பெட்டிகளை நிறுத்திச் சோதிக்க வேண்டும் என்றது.  பெட்டிக்கு அடியில் எதிரெதிர்ச் சக்கரங்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பது அச்சு; சக்கரத்தைக் கழற்றினால் அதுவும் கூடவேதான் வரும். சுமையோடு ஓடும்போது அது முறிந்தால் ஒரு பெட்டி மட்டும் கவிழாது. முன்னால் போவதையும் பின்னால் வருவதையும் இழுத்துக்கொண்டு, பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதன் மேல் போய் விழும். தண்டவாளம் வயல் வழியாகவும் போகிறது, ஸ்கூல் சுவரை ஒட்டியும் போகிறது.

ராப்பகலாக உட்கார்ந்து ரெஜிஸ்டரில் ஒவ்வொரு அச்சாகத் தேடினாள். பெட்டிகள் ஒவ்வொன்றாக நின்றன. அச்சுகளைச் சோதித்து, நல்லவை திரும்ப ஓடின, சில குப்பைக்குப் போயின. கடைசியில் ஒரே ஒரு அச்சுதான் பாக்கி. அது இருந்த பெட்டி சுண்ணாம்பு ஆலையின் பின்பக்கச் சைடிங்கில், கதவு நசுங்கிப்போய், பல வருஷமாக ஓடாமல் நிற்கிறது. வருஷா வருஷம் அவள் போனில் கேட்பாள், “அந்த நசுங்கின பெட்டி?” “நிக்குது அக்கா” என்பார் சுண்ணாம்புக்காரர். ஓடாத வண்டியால் யாருக்கு என்ன ஆபத்து? அவளும் விட்டுவிடுவாள். இந்தத் தடவை மட்டும், கண்ணால் பார்த்து முடித்துவிடலாம் என்று பஸ் ஏறினாள்.

ஆலைக்குள் எல்லாமே வெள்ளை. மரத்து இலை வெள்ளை, நாய் வெள்ளை, வாசல் காவலாளியின் புருவம் வெள்ளை. சுண்ணாம்புக்காரர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வேகமாக வந்தார். அவள் வருவதை முன்கூட்டிச் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு எதுவோ சரியில்லை என்று பட்டது.

“டீ குடிச்சிட்டுப் போலாம் அக்கா.”

“முதல்ல பெட்டி.”

பின்பக்கம் போனார்கள். பெட்டி நிற்கத்தான் நின்றது. நசுங்கிய கதவைக் கழற்றிவிட்டு அங்கே ஒரு மரக்கதவு வைத்திருந்தார்கள். விலாவில் ஜன்னல் வெட்டி, பழைய துணியில் திரைகூடத் தைத்து மாட்டியிருந்தார்கள். வாசலில் வரிசையாகச் செருப்புகள். உள்ளே இரண்டு பெஞ்சு, சுவரில் ஒரு கண்ணாடி, ஆணியில் தொங்கும் டிபன் பாக்ஸ்கள், ஸ்டவ்வில் டீ கொதிக்கிற வாசனை. வெளியே நீல பெயிண்ட் புதிதாக அடித்திருந்தது. கீழ் மூலையில் அவள் கட்டத்தை மட்டும் விட்டுவிட்டு அதைச் சுற்றி அடித்திருந்தார்கள். அவள் டெலிபோன் நம்பர் அழியாமல் இருந்தது.

“லோடு ஏத்தற ஆளுங்க முன்னெல்லாம் அந்தத் தூசியிலயே உக்காந்து சாப்பிடுவாங்க அக்கா. எத்தனை தடவை ஒரு ரூம் கேட்டேன், ஆலைல காதுலயே போட்டுக்கல. இது சும்மா நிக்குதேன்னு…” என்றார் அவர். “உங்க கட்டத்தை மட்டும் தொடாதீங்கடான்னு சொல்லிட்டேன். திட்டுவீங்கன்னு தெரியும்.”

அவள் கட்டத்தைப் பார்க்கவில்லை. குனிந்து பெட்டிக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டி மரக்கட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தது. சக்கரம் இல்லை.

“சக்கரம் எங்க?”

அவர் துண்டை அவிழ்த்தார். திரும்பக் கட்டினார்.

“தம்பி, சக்கரம் எங்கன்னு கேட்டேன்.”

“ஒருநாள் பெட்டியெல்லாம் கோத்து ரேக் கிளம்பற நேரத்துல ஒரு பெட்டிக்குப் பேரிங் சூடாயிடுச்சு அக்கா. புதுச் சக்கரம் உங்ககிட்ட கேட்டா வர்றதுக்கு நாளாகும். சூளைல சரக்கு குவிஞ்சு கிடக்கு. இது சும்மாதானே நிக்குதுன்னு, இதோட சக்கரத்தைக் கழட்டி அதுல மாட்டச் சொன்னேன். புதுசு வந்ததும் திருப்பி வெச்சிடலாம்னுதான் நினைச்சேன். அப்புறம் இவங்க எல்லாம் உள்ள உக்கார ஆரம்பிச்சிட்டாங்க.”

“எந்தப் பெட்டிக்கு மாட்டினீங்க?”

“அதான் அக்கா.” அவர் குரல் இறங்கிப்போனது. “மாட்டின ஃபிட்டர் செத்துப்போயிட்டார். எனக்கு நம்பர் ஞாபகமில்ல. எல்லாப் பெட்டியும் பாக்க ஒண்ணு மாதிரிதானே இருக்கு.”

அச்சைப் பற்றி அவருக்குத் தெரியாது. அவள் சொன்னாள். சொல்லச் சொல்ல, அந்த முகத்தில் தூசியைத் தாண்டி வெளுப்பு ஏறியது.

“ரேக் இப்ப எங்க?”

“காலைல கிளம்பிடுச்சு அக்கா. ஃபுல் லோடு.”

அவருடைய அறைக்கு ஓடினார்கள். ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு டெலிபோன். டெலிபோனுக்கு மேலே சுவரில், பெட்டியில் எழுதும் அதே பெயிண்டால், பெரிய எழுத்தில் ‘பெட்டிக்கா’ என்றும் கீழே அவள் நம்பரும் எழுதியிருந்தது. இத்தனை வருஷமும் இந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் இந்த மனுஷன் அவளிடம் கெஞ்சியிருக்கிறார். அவள் அதில் உட்கார்ந்து ரயில்வே கண்ட்ரோலைக் கூப்பிட்டாள்.

“எந்தப் பெட்டிங்க? நம்பர் சொல்லுங்க” என்றது கண்ட்ரோல்.

“நம்பர் தெரியாது. அந்த ரேக்ல ஏதோ ஒரு பெட்டி.”

“ஏதோ ஒரு பெட்டிக்காகவெல்லாம் மெயின் லைன்ல வண்டிய நிறுத்த முடியாதும்மா. பின்னால எத்தனை வண்டி வருது தெரியுமா? நம்பர் கண்டுபிடிச்சுட்டுக் கூப்பிடுங்க.”

முதலாளியைக் கூப்பிட்டாள். நல்ல மனிதர்தான், ஆனால் வம்பு என்றால் விலாங்கு மீன் மாதிரி நழுவிவிடுவார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “எனக்கென்னம்மா தெரியும்? பொறுப்பு உன் பேர்லதானே இருக்கு. யோசிச்சு செய்” என்று போனை வைத்துவிட்டார்.

யோசிக்க ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருந்தது. பொறுப்பை ஏற்றவருக்கு அதை விலக்கிக்கொள்ளவும் உரிமை உண்டு. இந்தப் பெட்டிகளுக்கு இனி நான் பொறுப்பில்லை என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவை எங்கே இருந்தாலும் அடுத்த ஸ்டேஷனில் ரயில்வே நிறுத்தித்தான் ஆக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த உரிமையை அவள் பயன்படுத்தியதில்லை. அவளுக்குத் தெரிந்து யாரும் பயன்படுத்தியதில்லை. சொன்னபின் திரும்ப வாங்குவது லேசில்லை. ஒவ்வொரு பெட்டியையும் பிரித்துச் சோதித்து முடிக்க மாதங்கள் ஆகும். அதுவரை ஆலைக்கு வண்டியில்லை. சரக்கு வெளியே போகாவிட்டால் சூளையை அணைக்க வேண்டும். அணைத்தால் உள்சுவர் வெடித்துவிடும் என்பார்கள். அதற்கெல்லாம் யார் பதில் சொல்வது என்று கேட்டால் எல்லா விரலும் துண்டு கட்டிய இந்த மனுஷனைத்தான் காட்டும். அவளுக்கு அது தெரியும். எதிரில் நிற்பவருக்கும் தெரியும்.

அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். “அக்கா. ஒரே ஒரு ட்ரிப். போய்ட்டு காலியா திரும்பி வரட்டும். வந்ததும் ஒவ்வொரு பெட்டியா நானே தூக்கிப் பாக்கறேன். என் பொண்ணு மேல சத்தியமா அக்கா. இத்தனை வருஷம் ஓடின அச்சு, இன்னும் ஒரு ட்ரிப் ஓடாதா?”

ஓடும்தான். ஓடத்தான் வாய்ப்பு அதிகம். அது அவளுக்கு அவரைவிட நன்றாகத் தெரியும். அந்தக் குரலுக்கு எத்தனையோ தடவை அவள் தலையாட்டியிருக்கிறாள். இந்தத் தடவையும் ஆட்டிவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது என்பதை மறைப்பதில் அர்த்தமில்லை. ஆனால் இதுவரை விட்டுக்கொடுத்தபோதெல்லாம் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இப்போது தெரியவில்லை.

கண்ட்ரோலைத் திரும்பக் கூப்பிட்டாள். பெயரையும் கம்பெனியையும் சொன்னாள். “சுண்ணாம்பு ஆலைக்கு வாடகைக்கு விட்ட எல்லாப் பெட்டிக்கும் பராமரிப்புப் பொறுப்பை இப்பவே விலக்கிக்கறேன். நேரம் போட்டுக்கோங்க.”

கண்ட்ரோல் திருப்பிக் கேட்டது. “நிஜமாத்தான் சொல்றீங்களாம்மா?”

“ஆமாங்க. எழுதிக்கோங்க.”

அவள் போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். சுண்ணாம்புக்காரர் அறையில் இல்லை. கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று நினைத்தாள். சற்றுப் பொறுத்து அவரே அந்த நீலப் பெட்டியிலிருந்து ஒரு கிளாஸ் டீயைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். “குடிங்க அக்கா. காலைல ஒண்ணும் சாப்பிடாமத்தான் கிளம்பியிருப்பீங்க” என்றார். அவளால் குடிக்கவும் முடியவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை.

ரயில் நடுவழியில் ஒரு குட்டி ஸ்டேஷனில் நின்றது. சோதனைக்காரர்கள் கருவியோடு போய் ஒவ்வொரு அச்சாகப் பார்த்தார்கள். தேடிய அச்சு ரேக்கின் நடுவில் ஒரு பெட்டிக்கு அடியில் இருந்தது. அதில் விரிசல் இல்லை. ஒரு கீறல்கூட இல்லை. ஒர்க்‌ஷாப்பில் வைத்து இன்னொரு தடவையும் பார்த்தார்கள். தங்கம் மாதிரி இருந்தது.

முதலாளி அவளைக் கூப்பிட்டனுப்பினார். ஆலை வாடகையை முறித்துக்கொண்டு லாரிக்கு மாறிவிட்ட செய்தி அப்போதுதான் வந்திருந்தது. மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டே, “கடைசில ஒண்ணும் இல்லையாமேம்மா?” என்றார்.

“இல்லைன்னு இப்பத்தானே சார் தெரியும்” என்றாள் அவள்.

அவர் பேப்பர் வெயிட்டை ஓரமாக நிறுத்தி வைத்தார். அப்புறம், “சரி, போய் வேலையைப் பாரு” என்றார். வேலை போகவில்லை. சம்பளம் மட்டும் கொஞ்ச காலத்துக்கு இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. கணவர் வீட்டில், “பொத்தான் கூலி இனிமே காஜா கூலி” என்று சிரிக்க வைக்கப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

சுண்ணாம்புக்காரரை ஆலை வேலையைவிட்டு அனுப்பிவிட்டது. அதைக் காதால் கேட்டதோடு சரி. எந்த ஊருக்குப் போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. பழைய நம்பரைக் கூப்பிட்டால் வேறு ஏதோ குரல் எடுத்தது.

அதற்குப் பிறகு அந்த நாற்காலியில் அவள் எத்தனையோ வருஷம் இருந்தாள். புதுப் பெட்டிகள் வந்தன, புது ஆலைகள் வந்தன. இரும்பு மாடிப்படிக்குப் பதில் லிஃப்ட் உள்ள கட்டிடத்துக்கு ஆபீஸ் மாறியது. விலாவில் எழுதிய டெலிபோன் நம்பர் மட்டும் மாறவில்லை, எல்லாப் பெட்டியையும் திரும்ப எழுத யாருக்குப் பொறுமை? டீ கிளாஸ் மேஜைக்கு வரும்போது மட்டும் அவள் கை தானாக டெலிபோன் பக்கம் போகும். மணி அடிக்காது. அடித்தாலும் வேறு ஆளாக இருக்கும், மரியாதையாகப் பேசிவிட்டு வைத்துவிடும். கெஞ்சுகிறவர்கள் பிறகும் இருந்தார்கள். ஆனால் கெஞ்சி முடித்தபின் மகளுக்குப் பரீட்சை எப்படி என்று கேட்கிறவர் யாரும் இல்லை. அந்த இருமலுக்காக அவள் ஏங்கினாள். ஒருநாள் கணவரிடமே சொன்னாள், “அந்த மனுஷனை நான் கெடுத்துட்டேங்க.” வாய் நீளமான அந்த மனிதர் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

ஓய்வு பெற்றபின் அவள் பொழுது வேறு மாதிரி ஆகிவிட்டது. மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். சாயங்காலம் கணவரோடு ஸ்கூட்டரில் கிளம்பினால், மேம்பாலம் வழியாகப் போகலாம் என்று அவர் சொல்லச் சொல்ல, கேட் வழியாகத்தான் போக வேண்டும் என்பாள். கேட் மூடியிருந்தால் இன்னும் சந்தோஷம். எல்லாரும் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, இவள் விலாக் கட்டங்களைப் படித்துக்கொண்டிருப்பாள். “பாத்தாச்சா உன் பிள்ளைங்களை?” என்பார் அவர்.

ஒருநாள் காலை, அடுப்படியில் டீ வடிகட்டிக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. அவள் மேஜையில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண்.

“மேடம், ஒருத்தர் ஆபீஸுக்குப் போன் பண்ணிப் பெட்டிக்கா வேணும்னு ஒரே பிடிவாதம். என்ன விஷயம்னு கேட்டா, என்னோட பேச மாட்டேங்கறார். உங்க லைனுக்குப் போட்டு விடட்டுமா?”

முதலில் இருமல் கேட்டது.

“அக்கா.”

அவள் வடிகட்டியைக் கீழே வைத்தாள். அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள்.  வாயில் வந்தது பழைய பேச்சுதான்.

“சொல்லுங்க தம்பி. என்ன வேணும்?”

“எங்க வீட்டுக்குப் பக்கத்துல ஸ்டேஷன் அக்கா. இப்ப ஒரு கூட்ஸ் வந்து நிக்குது. உங்க நம்பர் எழுதின பெட்டிங்க. உள்ள வரும்போதே கேட்டேன், நடுவுல ஒரு பெட்டில சக்கரம் தட்டுது. டக்கு டக்குன்னு. ஸ்டேஷன்ல போய்ச் சொன்னா, ‘பெரியவரே, போய் வேலையைப் பாருங்க’ங்கறாங்க. சிக்னல் விழுந்தா கிளம்பிடும்.” மூச்சு வாங்கினார். “நம்பர் இருக்கு அக்கா, இந்தத் தடவை பாத்து வெச்சிருக்கேன். எழுதிக்கோங்க.”

கையில் கிடைத்த பென்சிலால் காலண்டர் ஓரத்தில் எழுதினாள். தான் ஓய்வு பெற்றுவிட்டதை அவரிடம் சொல்லத் தோன்றவில்லை.

“ஒரு ட்ரிப் கூட விடாதீங்க அக்கா” என்றார் அவர்.

 “விடமாட்டேன் தம்பி. நீங்க தண்டவாளத்தை விட்டுத் தள்ளி நில்லுங்க” என்று மட்டும் சொன்னாள்.

மேஜைக்காரப் பெண்ணைக் கூப்பிட்டு நம்பரைச் சொன்னாள். அந்தப் பெண் புத்திசாலி, ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. ரயில் கிளம்புவதற்குள் அந்தப் பெட்டியைக் கழற்றி ஓரத்தில் நிறுத்திவிட்டார்கள்.

மறுநாள் டீ கிளாஸை அவள் கையில் எடுத்ததும் மணி அடித்தது. இந்தத் தடவை நேராக அவள் செல்லுக்கு. நம்பரை ஆபீஸில் அடம்பிடித்து வாங்கியிருக்கிறார்.

“என்ன அக்கா ஆச்சு?”

“பாத்தாங்களாம். சக்கரத்துல ஒரு இடம் லேசாத் தேஞ்சு தட்டையாயிருக்காம், அந்தச் சத்தம்தானாம். இன்னும் ரொம்ப நாள் ஓடியிருக்குமாம். ஆபத்து ஒண்ணும் இல்லையாம்.”

போனில் மூச்சு மட்டும் கேட்டது. நினைப்பில் அவர் எங்கே போய்விட்டார், எந்தச் சுவரில் எழுதிய எந்த நம்பருக்கு முன்னால் நிற்கிறார் என்று அவளுக்குத் தெரியும். அவளும் அங்கேதான் நின்றாள்.

“அப்ப சும்மாதான் நிறுத்திட்டோமா அக்கா?” என்றார் கடைசியில்.

“சும்மான்னு இப்பத்தானே தம்பி தெரியும்.”

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. முடிந்ததும், “பொண்ணு எப்படி இருக்கா அக்கா?” என்று கேட்டார். பெட்டிக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள்.